அன்னார் என்று ஒரு வார்த்தை

ரசாக் பாய் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர் கோயமுத்தூரில் ஒருவரும் கிடையாது. கோட்டைமேட்டுச் சந்து ஒன்றில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். முதலாளி நாற்காலி என்று ஒன்று இருந்தது. அதில் எப்போதும் காகிதக் கட்டுதான் உட்கார்ந்திருக்கும். சோறு தின்னும்போதுகூட ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்த மனுசன்" என்பாள் அவர் மனைவி சபுரா. அவள் சொன்னதில் பாதி கோபம், பாதி பெருமை.

அந்தக் காலுக்கு ஒரு கதை உண்டு. எழுபத்தொன்றில் யுத்தம் வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்ததும் ஓடினார். உயரம் சரியாக இருந்தது, மார்பும் சரியாக இருந்தது. ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கச் சொன்னார்கள். தரையில் விழுந்த தடத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். தட்டைப் பாதமாம், நெடுந்தூரம் நடக்கத் தாங்காதாம். போ என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்த நடையை மனுஷன் நிறுத்தவே இல்லை.

வருஷா வருஷம் டிசம்பர் ஏழாம் தேதி கொடி நாள் வந்தால் நோட்டீசு அவர் அச்சகத்தில் இனாம். உண்டியலைத் தூக்கிக்கொண்டு ஒப்பணக்கார வீதியில் கடை கடையாக ஏறுவதும் அவர்தான். "பாய் வந்தாச்சு, கல்லாவைப் பூட்டுங்க" என்று துணிக்கடைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அடித்துவிட்டுப் போடவும் செய்வார்கள். முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளர் கோவிந்தராஜுலு, சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒவ்வொரு வருஷமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "நீ பட்டாளத்துக்கு வந்திருந்தா எங்களையெல்லாம் ஓட வெச்சே கொன்னிருப்பே பாய்."

தொண்ணூற்று ஒன்பதில் கார்கிலில் சண்டை வந்தது. வெள்ளகோவில்காரர் நல்லசிவம் என்ற சிப்பாய் காலில் குண்டடிபட்டு வடக்கே ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்கும் அவரைப் போல அடிபட்டவர்களுக்கும் நிதி திரட்டுவதென்று சங்கம் முடிவு செய்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காந்திபுரத்தில் கூட்டம், அதற்கு ஊரெல்லாம் போஸ்டர். போஸ்டருக்குப் போட்டோ வேண்டுமே? வேறு யார், ரசாக் பாய்தான் பஸ் ஏறி வெள்ளகோவிலுக்குப் போனார்.

நல்லசிவத்தின் அம்மா நாச்சியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் யூனிஃபாரத்தில் இருக்கிற ஒரே படத்தை மஞ்சப்பையில் சுற்றிக் கொடுத்தார். மோர் கொடுத்தார். அப்புறம் வாசல்வரை கூடவே வந்து ஒன்று கேட்டார்.

"ஏனுங்க பாய், அடிபட்டுப்போச்சுன்னு தந்தி வந்து மூணு வாரமாச்சுங்க. அப்பறம் ஒரு சேதியும் இல்லீங்க. எல்லாரும் எங்கிட்ட எதையோ மறைக்கறாங்கன்னே தோணுதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சா மறைக்காமச் சொல்லிப்போடுங்க."

"சத்தியமாச் சொல்றேனுங்க்கா."

சனிக்கிழமை காலை சேதி வந்துவிட்டது. கோவிந்தராஜுலு எங்கெங்கோ போன் போட்டு, நல்லசிவம் பிழைத்துவிட்டார், காலும் தப்பிவிட்டது என்று விசாரித்து வைத்தார். அம்மாவிடம் கூட்டத்தில், ஊரார் முன்னால் சொல்லுவோம் என்றார். அந்தச் சந்தோஷத்தில்தான் ரசாக் பாய் போஸ்டருக்கு வாசகம் எழுத உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது பேச்சுக்கு, நின்றுகொண்டுதான் எழுதினார். 'கார்கில் முனையில் தாய்நாட்டுக்காகக் காயமுற்ற வெள்ளகோவில் வீரர் நல்லசிவம். அவரது குடும்பத்துக்குத் தோள் கொடுப்போம், வாரீர்.' படித்துப் பார்த்தார். ஒரு பட்டாளத்துக்காரருக்கு 'அவரது' என்பது ரொம்ப லேசாகத் தெரிந்தது. அடித்துவிட்டு 'அன்னாரது' என்று மாற்றினார். அந்த வார்த்தையில் ஒரு கனம் இருக்கிறதல்லவா.

இருக்கிறது, ஐயா, இருக்கிறது. எங்கே இருக்கிறது என்றுதான் அவர் யோசிக்கவில்லை. உயிரோடு நடமாடுகிற ஒருவரை 'அன்னார்' என்று போட்டு எந்தச் சுவரிலாவது பார்த்திருக்கிறீர்களா? இயற்கை எய்தினார், அன்னாரது இறுதி ஊர்வலம். அன்னாரது பிரிவால் வாடும். அங்கே மட்டும்தான் அது வரும்.

அச்சுக் கோக்கிற சின்னானுக்கு இதில் முப்பது வருஷப் பழக்கம். தாளில் 'அன்னார்' வந்தால் அவர் கை தானாகப் போய்க் கறுப்புக் கரையை எடுக்கும், கரைக்கு இரண்டு பக்கமும் ஒற்றைத் திரி விளக்கு பிளாக்கை வைக்கும். வாசகத்தை அவர் எங்கே படித்தார்? எழுத்தைத்தான் பார்த்தார். "ப்ரூஃபைப் பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். "நீ பாத்தா நான் பாத்த மாதிரி" என்று சொல்லிக்கொண்டே ரசாக் பாய் மைக் செட்டுக்காரரைத் தேடித் தெருமுனை தாண்டிவிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். இருநூறு போஸ்டர் அச்சாகி, சாயங்காலமே ஒட்டுகிற ஆட்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தன் போஸ்டரை ஆசையாகப் பார்க்கக் கிளம்பினார். முந்தின வருஷம் ஊரில் குண்டு வெடித்ததிலிருந்து கோட்டைமேட்டு முனையில் செக்போஸ்ட். அங்கே நின்ற போலீஸ்காரர் எதிர்ச் சுவரைக் காட்டி இரக்கமாகக் கேட்டார்.

"பாவம், சின்ன வயசாட்டத் தெரியுதுங்க பாய். எப்பத் தவறினாரு?"

ரசாக் பாய் சுவரைப் பார்த்தார். விரற்கடை அகலக் கறுப்புக் கட்டம், இரண்டு விளக்கு, நடுவில் நல்லசிவம். கூட்டத்துக்கு வருகிற நாச்சியம்மாளின் பஸ் பத்தரை மணிக்குக் காந்திபுரம் வந்துவிடும். எழுத்துத் தெரியாதவர்களும் தப்பில்லாமல் படிக்கிற எழுத்து இந்தத் தேசத்தில் ஒன்று உண்டென்றால் அது இந்தக் கறுப்புக் கட்டம்தான்.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிக் கோவிந்தராஜுலுவைப் பிடித்தார். அவர் விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "நம்ம ஆளுங்களை அனுப்பறேன். ஆர்.எஸ்.புரம், காந்திபுரம் எல்லாம் கிழிச்சுருவாங்க. நீ மட்டும் போகாத பாய். இப்ப இருக்கிற நெலமையில நீ போய் அந்தப் போஸ்டர்ல கை வெச்சா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்" என்றார்.

தெரியும். தெரிந்து என்ன, ஆட்கள் வந்து சேர மணி பதினொன்றாகிவிட்டால்? அச்சகத்துக்குள் பாய்ந்து மை குழைக்கிற கத்தியை எடுத்தார். சபுரா வாசலை மறித்தாள்.

"ஏனுங்க, தாடியும் தொப்பியுமாக் கையில கத்தியோட பஸ் ஸ்டாண்டுக்குப் போறீங்களா?"

"குடுத்த சத்தியம் சபுரா. அந்தம்மா பாத்துப்போட்டா அப்பறம் நாம யாரு சொன்னாலும் நம்பாது."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கத்தியைப் பிடுங்கினாள். பின்கட்டு அடுப்படிக்குப் போய்த் தோசைத் திருப்பியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "இதுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தொப்பியைக் கழட்டோணும்னா கழட்டிக்கங்க."

அவர் கழற்றவில்லை. ரோஷமா, மறதியா என்று அவருக்கே தெரியாது.

காந்திபுரத்தில் இறங்கியபோது மணி ஒன்பதரை. கிராஸ்கட் ரோட்டு முனையில் நாலு, லாட்ஜ் சுவரில் மூன்று, டீக்கடைப் பக்கத்தில் ஒன்று. பசை காய்ந்து பிடித்திருந்தது. திருப்பியால் சுரண்டச் சுரண்ட நகக்கண்ணில் காகிதம் ஏறியது. நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார், பார்த்த மணியை உடனே மறந்தார். பஸ் ஸ்டாண்டு வாசல் சுவரில் வரிசையாக ஐந்து. நாலாவதில் கை வைத்தபோது பின்னாலிருந்து சட்டைக் காலரில் ஒரு பிடி விழுந்தது.

"யாரு போஸ்டரைக் கிழிக்கறே?"

ஆட்டோ ஸ்டாண்டுக்காரர், நல்ல வாட்டசாட்டம். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். தொப்பியைப் பார்த்தார்கள், கிழிந்த சிப்பாய் முகத்தைப் பார்த்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அன்னார்னு போட்டுட்டேனுங்க" என்றார் ரசாக் பாய். "அவரு உசுரோட இருக்காருங்க. நாந்தான் அச்சடிச்சேன். அன்னார்னு போட்டுட்டேன்."

"நீயே அடிச்சு நீயே கிழிக்கறயா? கதை உடறயா?"

கூட்டத்தின் விளிம்பில் ஒரு மஞ்சப்பை தெரிந்தது. பஸ் கால் மணி முன்னதாகவே வந்துவிட்டிருந்தது. நாச்சியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. சுவரில் கிழியாமல் மிச்சமிருந்த ஐந்தாவது போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பை கையிலிருந்து நழுவியது. அழவில்லை. அப்படியே தரையில் குந்தினார்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றார். "மறைக்கறாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க."

இந்த அம்மா யாரென்று கூட்டத்துக்கு இப்போது புரிந்தது. ரசாக் பாய் காலர் கிழிய உதறிக்கொண்டு நாச்சியம்மாள் முன்னால் உட்கார்ந்தார். "அக்கா, நல்லசிவம் நல்லாருக்காருங்க. காலுகூடத் தப்பிச்சுருச்சு. நேத்துத்தான் சேதி வந்துச்சு. இது என்னோட தப்புங்க."

நாச்சியம்மாள் அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க பாய். நீங்களும் சொல்றீங்க."

ரசாக் பாயின் முழங்கால் ஆடவில்லை. பசை ஒட்டிய தோசைத் திருப்பியைப் பார்த்தார், அதை அந்த அம்மாளின் மடியில் வைத்தார்.

"அக்கா, செத்தவங்க போஸ்டரை இந்த ஊர்ல யாராச்சும் கிழிச்சுப் பாத்திருக்கீங்களா? மழை வந்து தானா உழுந்தாத்தான் உண்டு. காலையிலிருந்து அடி வாங்கத் துணிஞ்சு இதைக் கிழிச்சுட்டு இருக்கறேனுங்க. உங்க மகன் இல்லைன்னா நான் எதுக்குங்க கிழிக்கோணும்?"

அந்த அம்மாள் மடியில் இருந்த திருப்பியைப் பார்த்தார். அதன் விளிம்பில் சுருண்டு ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தைப் பார்த்தார். காலர் கிழிந்து தொங்கிய சட்டையைப் பார்த்தார். பிறகு ஆட்டோக்காரரை நிமிர்ந்து பார்த்தார்; அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, டீக்கடையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி வந்து சுவரில் ஊற்றினார்.

நாச்சியம்மாள் எழுந்தார். ஈரச் சுவரில் திருப்பியை வைத்தார். மேல் கரையைச் சுரண்டினார், விளக்கு இரண்டையும் சுரண்டினார், பக்கக் கரை, கீழ்க் கரை. படத்தில் படாமல், மெதுவாக.

"பாய், இந்தக் கறுப்பை எடுத்தாப் போதுமுங்களா? மூஞ்சி இருக்கட்டுமுங்களா?"

"இருக்கட்டுமுங்க்கா" என்றார் ரசாக் பாய், நடைபாதையில் உட்கார்ந்தபடியே.