புளி போட்டுத் தேய்த்த ரேடியேட்டர்

போன வாரம் மகனுடைய ஸ்கூட்டரை எடுத்து வரத் தட்டாஞ்சாவடி ஒர்க் ஷாப்புக்குப் போயிருந்தேன். கழுவிப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று நிறுத்தியிருந்தார் மெக்கானிக். மண்ணெண்ணெயும் கிரீசும் கலந்த வாடை அந்த இடம் முழுக்க. எனக்கு அது சுகந்தம். வீட்டில் சொன்னால் மருமகள் முகத்தைச் சுளிப்பாள்.

மெக்கானிக் விழுப்புரத்துக்காரர். "ஊருக்குள்ள ரூம் எடுக்க முடியலீங்க ஐயா. வாங்கற சம்பளம் வாடகைக்கே சரியாப் பூடுது. தெனம் பஸ்லதான் வந்து போறேன். துபாய்க்கு ஆள் எடுக்கறாங்களாம், பாக்கலாம்னு இருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனிதர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று இருமி மறைத்தேன். துபாய் என்பதை எடுத்துவிட்டுச் சைகோன் என்று போட்டால் அது என் கதை.

பிரெஞ்சுக்காரன் காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், நானும் இந்தப் புதுச்சேரியில் மோட்டார் மெக்கானிக்தான். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் வேலை. மோட்டார் வேலை தெரிந்தவன் என்றால் தெருவில் மதிப்பு உண்டு, கையில்தான் எதுவும் நிற்காது. பிரெஞ்சுக்காரன் ஊரில் ஒயின் மலிவு, சென்ட் மலிவு, வீட்டு வாடகை மட்டும் யானை விலை. சென்ட்டைப் பூசிக்கொண்டு தெருவிலா படுக்க முடியும்?

தனி ஆளாக இருந்தால் ஷெட்டிலேயே படுத்து எழுந்திருப்பேன். ஆனால் எனக்குப் பிலோமீனாவைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுக்கும் சம்மதம். அவள் அப்பா லாசர், ஆபீசர்களுக்குக் கோட்டுத் தைக்கிற தையல்காரர். மூத்த மருமகன் பிரெஞ்சுக்காரனின் இன்னொரு காலனியான சைகோனுக்குக் கப்பலேறிப் போய்விட, மூத்த மகள் கப்பல் வருகிற நாளாகப் பார்த்துக் கடற்கரைக்கு நடந்துகொண்டிருந்தாள். அதனால் அவர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு பொண்ணையும் கப்பலப் பாத்துக்கினு குந்த வைக்க மாட்டேன். ஊருக்குள்ள வேலையத் தேடு, ஊருக்குள்ள வூடு எடு. அப்பால மாதா கோயில்ல சாமியாரக் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றேன்."

வேலைகள் இல்லாமல் இல்லை. சைகோனில் சம்பளம் அதிகம், ஆனால் அந்த வழியை லாசரே அடைத்துவிட்டார். ஒரு பிரெஞ்சு நீதிபதி முசியே வீட்டுக் காருக்கு ஆள் கேட்டார்கள். நல்ல சம்பளம், தலைக்குத் தொப்பி, தோட்டத்தில் ஒரு அறை. ஆனால் கல்யாணம் ஆகாதவன்தான் வேண்டுமாம். கடலூரில் இங்கிலீஷ்காரன் பக்கம் ஒரு பெரிய ஷெட்டில் கூப்பிட்டார்கள். லாசருக்குக் கடலூரும் கப்பலேறிப் போகிற ஊர் மாதிரிதான். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பஸ் முதலாளி. பாகூருக்கு ஒரு பழைய பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். "வண்டியச் சரி பண்ணு. ஞாயித்துக்கெழம பாகூர் போய்த் தகராறில்லாமத் திரும்பட்டும். நீ கேட்ட சம்பளம் தர்றேன்" என்றார். நான் கேட்டது மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டு வாடகையும் ரெண்டு பேர் சாப்பாடும் சேர்ந்த சம்பளம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாகூர் பிரெஞ்சு மண்தான், ஆனால் போகிற வழியில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் மண் குறுக்கிடும். அங்கே சுங்கச் சாவடி. புதுச்சேரியில் வாங்கிய புதுச் சாமான் எதைக் கண்டாலும் வரி. வண்டிக்குப் போட்ட பாகமும் சேர்த்தி. அதனால் எங்கள் ஊர் ஷெட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேர் முடிந்ததும் கடைசி வேலையாகக் கழிவு எண்ணெயில் மண்ணைக் குழைத்து எஞ்சின் முழுக்கப் பூசி அனுப்புவோம். அழுக்குப் போடத் தெரியாதவன் மெக்கானிக்கே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புத்தி கெட்டுப் போயிற்று. பாகூரில் ஒரு ஞானஸ்நானத்துக்கு லாசரும் பிலோமீனாவும் அதே வண்டியில் வருகிறார்கள். அழுக்கு வண்டியையா காட்டுவது? புதுப் பாகம் ஒன்றுகூடப் போடவில்லை, இருந்ததையே கழற்றிச் சீர்செய்திருந்தேன், அப்புறம் என்ன பயம்? பித்தளை ரேடியேட்டரைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தேன். பூசைப் பாத்திரம் தோற்றது.

சாவடிக்காரர் தூரத்திலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "ரேடியேட்டரு புதுசு. எஞ்சினும் புதுசு மாதிரி கீது. வரி கட்டு, இல்ல வண்டி இங்கியே நிக்கட்டும்" என்றார். பழசுதான் என்று நான் சொன்னது எடுபடவில்லை. கூடவே வந்த முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் வேலையும் வீடும் கல்யாண ஓலையும் ஒன்றாகப் பறந்தன. லாசர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பிலோமீனா முன் சீட்டிலிருந்து இறங்கி வந்தாள். முந்தானையைப் பிடித்துக் காட்டினாள். "இது புது வண்டியா ஐயா? இந்த சீட்டுல ஒரு ஆணி கீது. போன வருசமும் கிழிச்சுது, இன்னிக்கும் கிழிச்சுது."

அவ்வளவுதான், வண்டி மொத்தமும் வாயைத் திறந்தது. கூரை ஒழுகி அரிசி நனைந்ததை ஒரு அம்மாள் சொன்னாள். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ளிய கதையை ஒரு பெரியவர் சொன்னார். "கதவு கயித்துலதான் நிக்குது, வந்து பாருங்க" என்றார் இன்னொருவர். ஆர்வத்தில் லாசரும் எழுந்துவிட்டார். "இதுல வந்து போயித்தான் எனக்கு இடுப்பே பூட்ச்சு." முதலாளி முகம் கறுத்து நின்றார். சாவடிக்காரர் அவரைக் கேட்டார். "இன்னா முதலாளி, நெசமா?"

முதலாளி மனசுக்குள் வரியைக் கணக்குப் போட்டார். "ஓட்ட வண்டிதாங்க" என்றார்.

சாவடிக்காரர் சிரித்தபடி கையை ஆட்டி அனுப்பிவிட்டார். வண்டி தகராறில்லாமல் பாகூர் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்து மார்க்கெட்டில் எல்லாரும் இறங்கிய பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். வேலை இல்லை என்று சொல்லத்தான் என்று நினைத்தேன். "அத்தினி பேரும் சொன்னாங்களே, எல்லாம் ஞாபகம் கீதா? நாளைலேர்ந்து ஒண்ணொண்ணாச் சரி பண்ணு, நீ கேட்ட சம்பளம் தர்றேன். மொதல்ல அந்த ஆணியப் புடுங்கு."

அடுத்த ஞாயிறே கோயிலில் ஓலை வாசித்தார்கள்.

சாவடி போய்விட்டது. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் போய்விட்டார்கள். எந்த இடத்தில் எந்த மண் முடிந்தது என்று கேட்டால் இப்போது கண்டக்டருக்கே தெரியாது. கோபம் வந்தால் "அன்னிக்கு வாயை மூடிக்கினு குந்தியிருக்கணும் நானு" என்று சொல்லிக்கொண்டே எனக்குச் சோறு போட்ட பிலோமீனாவும் போய்விட்டாள். அவளை நினைத்தால் இன்றும் முதலில் சிரிப்புதான் வருகிறது, மற்றது அப்புறம்.

ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தபடி, "புதுசு மாதிரி கீது இல்லீங்க ஐயா?" என்றார் மெக்கானிக். ஆமாம் என்றேன். இல்லை, பழசுதான் என்று சண்டைக்கு வர, பக்கத்தில் யாரும் இல்லை.