நூலகத்தில் அச்சான குமிழ்

தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் நான் மழைக்கு ஒதுங்கிய பொது நூலகத்தில், புத்தக அலமாரிகளுக்குப் பக்கத்தில் ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரம் பிளாஸ்டிக்கை இழை இழையாக அடுக்குகிறது. அதன் முன்னால் தொழிற்சாலைச் சீருடையில் ஓர் அக்கா. கடலுக்கு அக்கரையில், பிறை தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாகங்களைத் தரம் பார்க்கும் வேலையாம். வீட்டு மின்விசிறியின் வேகம் மாற்றும் குமிழ் உடைந்துவிட, புதியதை வரைய இங்கேதான் கணினியில் கற்றுக்கொண்டிருக்கிறார்.

அச்சாகி வந்த குமிழின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்க்கிறார்.

“இது ரிஜெக்ட்.”

“நல்லாத்தானே இருக்கு அக்கா?”

“பதினஞ்சு வருஷமா மத்தவங்க செஞ்சத ரிஜெக்ட் பண்றேன் தம்பி. இது நானே செஞ்சது லா. சும்மா விட்ருவேனா?”

சிரித்தபடி கணினியில் விளிம்பைத் திருத்துகிறார். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்குகிறது. வெளியே மழை விட்டுவிட்டது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன்.