மஞ்சள் வாத்தும் நான் சொன்ன பொய்யும்

போன வருஷம் பள்ளி விடுமுறையின்போது ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் எலெக்ட்ரானிக் சாமான்களுக்கு மலிவு விற்பனை போட்டிருந்தார்கள். அங்கே எனக்கு மூன்று வார வேலை கிடைத்தது. நான் இருந்த பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஆள் குறைத்துவிட்டார்கள். மாசாய் அடுக்குமாடி வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் விற்க வேண்டியது தலையில் மாட்டுகிற ஒரு பட்டை. நெற்றியில் படுகிற மாதிரி சின்னதாக ஓர் உலோகத் துண்டு, காது மடலில் மாட்ட ஒரு கிளிப், அவ்வளவுதான். அதை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் கேம் விளையாடலாம். திரையில் ஒரு மஞ்சள் வாத்து வரும். மனதை ஒருமுகப்படுத்தினால் வாத்து மேலே பறக்கும். கவனம் சிதறினால் கீழே இறங்கி மரத்தில் முட்டிக்கொள்ளும். கையே தேவையில்லை, மூளை போதும் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

முதல் நாள் நான் எவ்வளவோ முயன்றும் வாத்து ஏறவில்லை. வேடிக்கை பார்த்த பிள்ளைகள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் தூரத்தில் நின்று முறைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பல்லை நறநறவென்று கடித்தேன். வாத்து ஜிவ்வென்று மேலே போய்விட்டது!

விஷயம் அப்போதுதான் புரிந்தது. தாடையும் நெற்றிச் சதையும் இறுகினால் அந்தப் பட்டை குழம்பிப்போய் அதையும் மூளை வேலை என்றே எடுத்துக்கொள்கிறது. சிலருக்கு உண்மையாகவே மனதை நிறுத்தினால் வாத்து கொஞ்சம் ஏறியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் வாத்து மாதிரி யாருடையதும் பறக்கவில்லை. சிரித்த முகமாகவே இருந்துகொண்டு கடைவாய்ப் பல்லை மட்டும் இறுக்குவதற்கு நான் நன்றாகப் பழகிவிட்டேன். விற்பனை சூடு பிடித்தது. இதெல்லாம் வியாபாரத்தில் சகஜம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது வாரத்தில் ஓர் அண்ணன் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நகக்கண்ணில் எஞ்சின் எண்ணெயின் கறுப்பு. கையில் மருத்துவமனை மருந்துப் பை. கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"தங்கச்சி, கை கால் ரெண்டுமே அசைக்க முடியாதவங்க இதை விளையாட முடியுமா?"

அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"முடியும்ணே. மூளை ஒண்ணு போதும்" என்றேன்.

இன்னொரு தரம் செய்து காட்டச் சொன்னார். செய்தேன். மறுபடியும் கேட்டார். மூன்று தடவை வாத்தைப் பறக்கவிட்டேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அப்புறம் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஏதாவது பிரச்சினை என்றால் கூப்பிடுகிறேன் என்று என் எண்ணையும் எழுதிக்கொண்டு போனார். சிம்பாங் ரெங்கத்தில் லாரி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பதாகவும், அந்தப் பட்டை மனைவிக்காக என்றும் போகும்போதுதான் சொன்னார்.

அன்றிலிருந்து, அசையாமல் படுத்திருக்கிற ஒருவர் நெற்றியில் அந்தப் பட்டையைக் கட்டிவிட்டு, வாத்து ஏறுமா ஏறுமா என்று புருஷனும் பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது. ஏறவில்லை என்றால் அந்தப் பெண் என்ன நினைப்பார்? தன் மூளையும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாரே!

ஐந்தாம் நாள் அவரிடமிருந்து செய்தி வந்தது. காது கிளிப் நிற்கவில்லை, நழுவுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். போனிலேயே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன். அதற்குப் பதிலாக, "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுண்ணே, நானே வந்து பார்க்கிறேன்" என்று உளறிவிட்டேன்.

அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டார். "அலமாக், அவ்ளோ தூரமா? வாங்க வாங்க. மீன் சாப்பிடுவீங்களா, சைவமா?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை மாற்றுக் கிளிப் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு லார்க்கின் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினேன். வழி நெடுக என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்றே மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சிம்பாங் ரெங்கத்தில் இறங்கியபோது அவரே பழைய வேனோடு காத்திருந்தார்.

அவர் மனைவி, அந்த அக்கா, வரவேற்பறையில் சாய்த்து வைத்த கட்டிலில் இருந்தார். தலை நன்றாகச் சீவி, சின்னதாகப் பொட்டு வைத்திருந்தார். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விட்டதாம். மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் பேச்சு கணீரென்று இருந்தது. "வாம்மா, வெயில்ல வந்திருக்கே, முதல்ல தண்ணி குடி" என்றார்.

நான் தண்ணீரைத் தொடவில்லை. உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பல்லைக் கடித்தது, சிரித்த முகத்தோடு ஏமாற்றியது, அண்ணன் கேட்டபோது தெரிந்தே பொய் சொன்னது. சாமானைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கடைசியில் தேம்பினேன்.

இருவரும் கடைசிவரை கேட்டார்கள். அப்புறம் அந்த அக்கா புருஷனைப் பார்த்தார். அவர் அக்காவைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"தங்கச்சி, முப்பது வருஷமா லாரி எஞ்சின் பார்க்கிறவன் நான். ஒண்ணு ஓடுதுன்னா எது அதை ஓட்டுதுன்னு தேடாம இருக்க முடியாது லா. வாத்து ஏறும்போதெல்லாம் உங்க காதோரம் சதை துடிச்சுது. அதை நல்லாப் பார்க்கத்தான் மூணு தரம் செய்யச் சொன்னேன்."

"தெரிஞ்சுமா வாங்கினீங்க?"

"தெரிஞ்சதாலதான் வாங்கினேன். இவளுக்கு வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. காலையிலேருந்து என்னைத் திட்டுறாளே, பத்தாதா?"

"திட்டு வாங்கவும் ஒரு ஆள் வேணும்ல" என்றார் அக்கா.

சுவரில் இருந்த நாட்காட்டியைக் காட்டினார்கள். பட்டை வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு நாள் கட்டத்திலும் இரண்டு எண்கள். மேலே அக்காவுடையது, கீழே அவருடையது. மாற்றி மாற்றிப் பட்டையை மாட்டிக்கொண்டு தினமும் போட்டி போடுகிறார்கள்! கல்யாணமான புதிதிலிருந்தே அந்தி நேரத்தில் பூப்பந்து விளையாடுவார்களாம், எப்போதும் அக்காதான் ஜெயிப்பாராம். விபத்துக்குப் பிறகு அக்காவுக்கு அவரை ஜெயிக்க ஒன்றும் இல்லாமல் போயிருந்தது.

"இப்பவும் நான்தான்" என்றார் அக்கா. "இவருக்குக் கடைவாய்ப் பல்லு நாலும் போச்சு. எதை வச்சுக் கடிப்பார்?"

நான் அழுதுகொண்டே சிரித்தேன். காது கிளிப்பை அவரே ட்யூப் ரப்பர் வைத்துச் சரிசெய்திருந்தார். என்னையும் ஆடச் சொன்னார்கள். இரண்டு வாரமாக அதையே தொழிலாகச் செய்தவள், அந்த அக்காவிடம் படுமோசமாகத் தோற்றேன்.

அண்ணன் சாப்பாடு எடுத்து வைக்க உள்ளே போனபோது அக்கா என்னைக் கிட்டே வரச் சொன்னார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நீ வந்து சொன்னது பெரிய விஷயம்மா. ஆனா ஒண்ணு. ஆஸ்பத்திரியில என் வார்டுல பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு இருந்துச்சு. அதால வாயைக்கூட அசைக்க முடியாது. அந்தப் பொண்ணோட அம்மா வந்து உன்கிட்ட கேட்டிருந்தா?"

அதற்குள் அண்ணன் சாப்பாட்டோடு வந்துவிட்டார். "சரி சரி, சாப்பிடு. முள்ளு மீன், பார்த்துச் சாப்பிடு" என்றார் அக்கா. அந்த அண்ணன் அக்காவுக்கு ஒரு வாய் ஊட்டுவார், எனக்கு ஒரு கரண்டி குழம்பு ஊற்றுவார். சாப்பிட்டுக் கிளம்பும்போது மீதி மீனைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை முதல், வாத்தைப் பறக்கவிட்ட கையோடு, "நான் பல்லையும் கடிக்கிறேன், நீங்களும் கடிச்சுப் பாருங்க" என்று சொல்லியே விற்றேன். சிலர் திரும்பிப் போனார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் அது இன்னும் வேடிக்கையாகிவிட்டது. சூப்பர்வைசருக்கு என்மேல் கோபம்தான். விற்பனை முடிந்ததும் அவர் என்னை மறுபடி கூப்பிடவில்லை.

இப்போது வேறொரு கடையில் சலவை இயந்திரம் விற்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அந்த அக்காவுக்கு அவ்வப்போது போன் செய்வேன், முதலில் நேற்று யார் ஜெயித்தார்கள் என்றுதான் கேட்பேன். அவர்கள் சிரித்து மன்னித்ததால் நான் சொன்ன பொய் சின்னதாகிவிடவில்லை என்பதும், நான் ஏமாற்ற நினைத்த வீட்டிலேயே எனக்குச் சொந்தம் கிடைத்துவிட்டது என்பதும், இரண்டும் சேர்ந்தேதான் இன்றைக்கும் என் மனதில் இருக்கின்றன.