மழைக்குத் திசை காட்டிய மாலை

எங்கள் ஊர் திருமானூர், கொள்ளிடக் கரை. கரை என்று சொல்லலாமே தவிர, எனக்குப் பதினொரு வயதான அந்த ஆண்டில் அங்கே ஆறு இல்லை, மணல் இருந்தது. சம்பாவுக்கு விட்ட நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. பெரியவர்கள் அணை திறக்கும் செய்திக்காக வானொலியின் முன் அமர்ந்திருந்தார்கள். இறைவனிடம் கேட்கும் பொறுப்பு சிறுவர் சிறுமியராகிய எங்களிடம் வந்து சேர்ந்தது.

நாள்தோறும் மாலையில் சிவன் சந்நிதியில் வரிசையாக நின்று மழை வேண்டிப் பதிகம் பாடுவோம். முதற்குரல் என்னுடையது. அப்பாடல்களில் ஓர் ஒழுங்கு உண்டு. பாட்டின் ஒரு பாதி தலத்தைச் சொல்லும்: எந்த ஆற்றின் எந்தக் கரை, வயலில் விளைவது நெல்லா கரும்பா, மடையில் துள்ளும் மீன் எது என்றெல்லாம். மறு பாதி அங்கே உறையும் பெருமானைச் சொல்லும். ஊரைச் சொல்லும் பாதியை நான் ஒரே மூச்சில் கடந்துவிடுவேன். பெருமான் வரும் இடத்தில்தான் குரலை நிறுத்தி உருகுவேன். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வது அவ்விடத்தில்தான் என்பதைக் கவனித்து வைத்திருந்தேன்.

காலாண்டுத் தேர்வில் தமிழில் நான் முதல். புவியியலில் வாங்கியது சொல்லத்தக்கதன்று. வெற்று வரைபடத்தில் ஆற்றை வரைந்து, அது ஓடும் திசையை அம்புக்குறியால் காட்டச் சொல்லியிருந்தார்கள். நான் கொள்ளிடத்தைக் கடலில் பிறப்பித்து மலையேற விட்டிருந்தேன். தாளைத் திருப்பித் தந்த ஆசிரியை, “ஆத்துல ஏன் தண்ணி வரலன்னு இப்பத்தான் புரியுது” என்றார். வகுப்பே சிரித்தது. பரமனைப் பாடும் வாய்க்கு வரைபடம் எதற்கு என்று நான் எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விடுமுறைக்கு மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரம்பலூருக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சிற்றூர். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் அரியலூர் வருமுன்பே உறங்கிவிட்டேன். பெரம்பலூரில் யாரோ எழுப்பி இறக்கினார்கள். ஆகவே எந்தத் திக்கிலிருந்து எந்தத் திக்குக்கு வந்தேன் என்பது எனக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று தோன்றவுமில்லை.

மாமாவின் செம்மண் காட்டில் சின்ன வெங்காயம் பிடுங்கி, தாளோடு வரிசை வரிசையாகக் காயப் போட்டிருந்தார்கள். நன்றாகக் காய்ந்தபின் தாளை அரிந்து, ஓலை வேய்ந்த பட்டறையில் சேர்த்து வைப்பார்கள். விலை வரும்வரை அது அங்கே காற்று வாங்கும். மாமாவின் மூத்த மகள் அவ்வாண்டுதான் திருச்சியில் நர்சிங் சேர்ந்திருந்தாள். அவள் தொடர்ந்து படிப்பதும் பாதியில் திரும்பி வருவதும் அந்த வெங்காயத்தின் கையில் இருப்பதாக அத்தை என்னிடமே சொன்னாள். நான் தலையாட்டினேன். வெங்காயத்துக்கும் மழைக்கும் உள்ள பகை எனக்குத் தெரியாது. மழையை வேண்டாம் என்று சொல்லும் உழவர் உலகில் உண்டு என்பதே தெரியாது.

மறுநாள் பிரதோஷம். ஊர்க்கோயிலில் கூட்டம் கூடியிருந்தது. “எங்க அக்கா மவ நல்லாப் பாடும்” என்று மாமா என்னைச் சந்நிதி முன் நிறுத்தினார். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றுதான். கண்களை மூடி, மேகங்களை அழைத்தேன், இடியை அழைத்தேன், ஏரி உடையுமளவு பெய்யும்படி மன்றாடினேன். கண் திறந்தபோது யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

தூணோரம் ஒருவர் மட்டும் குலுங்கிச் சிரித்தார். மாமாவுடைய சித்தப்பா மகன். எனக்குச் சின்ன மாமா. அவருடைய கரிசல் காட்டில் பருத்தி முளைத்து, மழையின்றி வாடிக்கொண்டிருந்தது.

“மருமவளே, நிறுத்திப்புட்டியே. இன்னொருக்கா பாடு. எம் பருத்திக்குச் சரியா காதுல வுழல.”

“ஏன் தம்பி, ஒங்க பருத்தி குடிக்க எம் வெங்காயந்தான் அழுவணுமா?” என்றாள் அத்தை.

“நான் என்ன பண்ணட்டும் அண்ணி? புள்ளைய மேடையேத்துனது அண்ணன்.”

“வுடுங்க, ஒரு பாட்டுக்கெல்லாம் மழ வந்துடுமா?” என்றார் மாமா. என் பாட்டை அவ்வளவு குறைவாக மதிப்பிட்டது எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

அடுத்த நாள் பிற்பகல் மலைக்கு மேலே வானம் கறுத்தது. குளிர்ந்த காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. மாமா, அத்தை, அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூடைகளோடு காட்டுக்கு ஓடினார்கள். எனக்கு ஐயமே இல்லை. நான் அழைத்தது வந்துவிட்டது. இனி நர்சிங் படிக்கும் அந்த அக்கா திருச்சியிலிருந்து பெட்டியோடு திரும்பி வருவாள்.

வரப்போரம் வேம்படியில் ஒரு பிள்ளையார் இருந்தார். அவர் முன் நின்று, “இந்த மழை இங்கே வேண்டாம், எங்கள் ஊருக்கு அனுப்பிவிடு” என்று வேண்டினேன். வேண்டியபோதே ஒரு சங்கடம் எழுந்தது. அனுப்புகிறவருக்கு வழி சொல்ல வேண்டாமா? கையை ஒரு புறம் நீட்டினேன். அங்கே மலை. மறுபுறம் நீட்டினேன். அங்கே சோளக்காடு. எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. எந்தப் பதிகத்திலும் அதைத் தேட முடியாதென்று அழுகை வந்தது.

சின்ன மாமா தம் காட்டு வரப்பில் நின்று மேகத்தை ரசித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

“மாமா, திருமானூர் எந்தப் பக்கம்?”

“என்னா, ஊருக்குப் பொறப்பட்டுட்டியா?”

“மழைய அங்க அனுப்பணும்.”

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “மலைக்கு முதுகக் காட்டி நில்லு. இப்ப மூஞ்சி கெழக்க. சோத்துக் கை தெக்க. ரெண்டுக்கும் நடுவால கைய நீட்டு. அதான் ஒங்கூரு.” பிறகு, “ஆனா நீ ஒண்ணும் அனுப்ப வேணாம் பாப்பா. இங்க பேஞ்சா மருதையாத்துல எறங்கி, தானா ஒங்க கொள்ளிடத்துக்கு வந்துரும்” என்றார்.

அது என் காதில் விழுந்ததே ஒழிய உள்ளே இறங்கவில்லை. நான் பிள்ளையாரிடம் ஓடி, மலைக்கு முதுகைக் காட்டி, காட்டிய திசையில் கையை நீட்டியபடி நின்றேன். திரும்பிப் பார்த்தபோது சின்ன மாமா தம் டிராக்டரை மூடியிருந்த தார்ப்பாயை உருவித் தோளில் போட்டுக்கொண்டு மாமாவின் காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். மழைக்காக நாள்கணக்கில் வானத்தைப் பார்த்திருந்த மனிதர், அந்த மழையிலிருந்து பங்காளியின் வெங்காயத்தைக் காக்கப் போனார்.

“வாங்க, மழைக்காரரே” என்று அத்தை கூடையை அவர் கையில் திணித்தாள்.

பெரும்பகுதி பட்டறைக்குள் போயிற்று. எஞ்சியதைத் தார்ப்பாய் மூடிற்று. ஒரு மூலைக் குவியல் மட்டும் நனைந்து கெட்டது. அதன்பின் மழை கொட்டித் தீர்த்தது. நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே அத்தை, “பாடுனியே, செத்த மெதுவாப் பாடியிருக்கப்படாதா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கரிசலில் பருத்தி நிமிர்ந்தது. அந்த அக்கா திருச்சியிலேயே படித்து முடித்தாள்.

விடுமுறை முடிந்து ஊர் திரும்பியதும் நான் கேட்ட முதற்கேள்வி, இங்கே மழை பெய்ததா என்பதுதான். ஒரு தூறல்கூட இல்லை என்றார் அப்பா. அவ்வளவு துல்லியமாகக் கை நீட்டியும் பெருமான் கேளாதது எனக்குப் பெரும் மனக்குறையாயிற்று. அன்று மாலை பாடப் போகவில்லை.

சில நாட்கள் சென்றன. மேற்கே மேலும் இரண்டொரு மழை பெய்திருக்க வேண்டும். அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றி, மருதையாறு கொள்ளிடத்தில் கலக்கும் இடத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஊரார் பலர் நின்றிருந்தார்கள். வெண்மணலின் மேல் செம்மண் கரைந்த நீர் நாக்கு நீட்டி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மாமாவின் காட்டு மண்ணின் நிறம் அது. முதியவர் ஒருவர் குனிந்து அதை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்பா தம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

ஓர் ஊரையும் அதன் நீரையும் மண்ணையும் சொல்லாமல் அங்குள்ள இறைவனைப் பாட, பதிகம் தந்த அடியார்கள் ஏன் ஒப்பவில்லை என்பதை நான் அறிந்தது வெகுகாலத்துக்குப் பிறகு. இன்று ஊரைச் சொல்லும் பாதியில்தான் என் குரல் தழுதழுக்கிறது. அன்றோ, கணுக்கால் நனைக்கும் அந்தச் செந்நீரில் நின்றபடி, கேட்ட மழையைத் தரவில்லையே என்று நான் பெருமானிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.