நாற்காலியிலிருந்து சஜ்தாவுக்கு

நாற்காலியில் உட்கார்ந்து தொழுவது மார்க்கத்தில் குற்றமில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. டாக்சி ஓட்டி ஓட்டி இடுப்பும் பின்தொடையும் கட்டையாக இறுகிவிட்டன. குனிந்தால் கை முழங்காலைத் தாண்டாது. வெள்ளிக்கிழமைதோறும் லிட்டில் இந்தியா பள்ளிவாசலில் மகன் எனக்கு ஓரமாக நாற்காலி போட்டுவிட்டு முன்வரிசைக்குப் போய்விடுவான். வருகிற பெருநாளுக்கு அவன் பக்கத்தில் நின்று, தரையில் நெற்றி வைத்து சஜ்தா செய்தே தீருவது என்று வீம்பு பிடித்தேன்.

"மொதல்ல கீழ விழுந்த சாவிய நீங்களே எடுங்க, அப்புறம் பாப்போம்" என்றாள் மனைவி.

ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். சிகிச்சையாளருக்கு என் மகன் வயதுதான் இருக்கும், தமிழர். "எலும்பு நொறுங்கினாலும் பரவால்ல தம்பி, நல்லா அழுத்துங்க" என்றேன். வலித்தால்தான் வைத்தியம் என்பது என் கட்சி. அவரோ என்னை மல்லாந்து படுக்கச் சொல்லி, ஒரு காலை நீட்டியபடியே தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அங்கிள், குதிகாலால என் தோள கீழ தள்ளுங்க. மூச்ச அடக்காதீங்க."

தள்ளினேன்.

"இப்ப விடுங்க. ரிலாக்ஸ் லா."

விட்டதும் காலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். வலியே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. வேலையெல்லாம் நான் பார்க்கிறேன், இவர் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறார், இது என்ன வைத்தியம்? பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகெலும்பை ஒட்டிய சதையை முன்கையால் இடுப்புவரை மெதுவாக நீவிவிட்டார். எழுந்து குனிந்து பார்த்தேன். விரல்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கின. அடுத்த வாரத்துக்கும் அப்போதே நேரம் வாங்கிக்கொண்டேன். வாராவாரம் போனேன். வீட்டிலும் பாதத்தில் துண்டை மாட்டிக் காலை இழுத்துக்கொண்டு கிடந்தேன்.

பெருநாள் காலையில் மகன் வழக்கம்போல் நாற்காலி எடுக்கப் போனான். "வேணாம், வா" என்று அவனோடு முன்வரிசையில் போய் நின்றேன். குனியும் ருகூவில் முதுகு சமமாக நின்றது. அடுத்தது சஜ்தா. முட்டியை மடக்கிக் கைகளைத் தரையில் ஊன்றினேன். நெற்றி கம்பளத்தில் பட்டது. அழுதுவிட்டேன், அதில் என்ன வெட்கம்? ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

தொழுகையும் குத்பா உரையும் முடிந்ததும் மகன் எழுந்து கையை நீட்டினான். "அத்தா, புடிச்சிக்கிட்டு எந்திரிங்க."

நானாகவே எழுந்து நின்றேன். அப்புறம்தான் அந்தக் கையைப் பிடித்து இழுத்து அவனைக் கட்டிக்கொண்டேன்.