காந்தாரத்துக்கு நான்கு பாகை

2024 டிசம்பர் 19, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். அரிமளத்தில் தூறல் நின்று பனி இறங்கியிருந்தது. மார்கழி பஜனை எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது ஆர்மோனியத்தின் காந்தாரம் என் காதில் கசந்தது. ஸ, ரி, க என்று ஏறும்போது அந்த மூன்றாவது ஸ்வரம் மட்டும் தன் இடத்தைத் தாண்டி நின்றது.

பாட்டை எடுத்துக்கொடுப்பது நான். நான் காந்தாரத்தைக் கொஞ்சம் கீழே பிடித்தேன். பின்னால் வந்த பதினோரு பேரும் ஆர்மோனியப் பெட்டியின் சுருதியிலேயே பாடிப் போய்விட்டார்கள். எங்கள் குழுவில் சுருதி பிசகியவர்தான் அன்று பொங்கல் வாளியைத் தூக்க வேண்டும், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட வேண்டும். ஆறு மார்கழியில் எனக்கு அது முதல் முறை.

"பெட்டி ஏறியிருக்கு, பாருங்க," என்றேன்.

ஆர்மோனியக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். கையைவிட வாய் வேகம். "பெட்டி போன வாரந்தான் புதுக்கோட்டைல சரிபண்ணி வந்துச்சுண்ணே. அடுத்து ஒங்க காதை அனுப்பிருவோமா?"

எல்லோரும் சிரித்தார்கள். "ஏங்க, பொங்கல் ஆறுது. வாளியத் தூக்குங்க," என்றாள் என் மனைவி.

வாளியைத் தூக்கினேன். என் அண்ணனுக்கு எழுபது வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது. டிவியில் பாடுகிற ஒருவருக்கும் சுருதி இல்லை என்று திட்டிக்கொண்டிருந்தார். நாலு மாதத்தில் ஒரு காது போயிற்று, பிறகு மற்றது. கடைசி மூன்று வருடமும் அவரோடு சிலேட்டில் எழுதித்தான் பேசினோம். எனக்கு இப்போது எழுபத்தொன்று.

டாக்டரிடம் போகப் பயம். நில அளவைத் துறையில் முப்பத்து நாலு வருடம் இருந்தவன், சந்தேகம் வந்தால் வரைந்து பார்த்துத்தான் பழக்கம். அன்று மத்தியானம் ஒரு வட்டம் போட்டேன். உச்சியில் ஸ. ஒரு முழுச் சுற்று சுற்றினால் மேல் ஸ. ஆர்மோனியத்தில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு கட்டை, கட்டைக்கு முப்பது பாகை. புள்ளிகளை இணைத்தால் ஒழுங்கான பன்னிரண்டு பக்க உருவம். அதில் காந்தாரம் 120 பாகையில் விழுகிறது.

தம்புராவோடு பாடும் தொண்டைக்குக் கணக்கு வேறு. ஸ நாலு முறை அதிரும் நேரத்தில் காந்தாரம் ஐந்து முறை அதிர வேண்டும். கால்குலேட்டரில் மடக்கை போட்டுக் கோணமாக மாற்றினேன். ஏறக்குறைய 116. சிவப்பு மையில் குறித்தேன். பெட்டி நான்கு பாகை ஏறித்தான் நிற்கிறது! என் காதில் பிழை இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் படத்தை ஆர்மோனியக்காரரிடம் காட்டினேன்.

"என்னண்ணே, பிளாட் போட்டு விக்கிறீங்களா?"

"இது ஒங்க காந்தாரம், இது சரியான காந்தாரம். நடுவுல நாலு டிகிரி."

"அப்ப நான் ஆக்கிரமிப்புல இருக்கேன்றீங்க. சரி, ஜேசிபி கொண்டாங்க, இடிச்சிருவோம்."

நானும் சிரித்தேன். காது டாக்டர் என்ற நினைப்பையே விட்டுவிட்டேன்.

டிசம்பர் 28, சனிக்கிழமை காலை பஞ்சமமும் கசந்தது. வீட்டுக்கு வந்து படத்தை எடுத்தேன். பெட்டியின் பஞ்சமம் 210 பாகையில், தம்புராவின் பஞ்சமம் அதிலிருந்து அரைப் பாகைக்குச் சற்று மேல், அவ்வளவுதான். என் பேனா முனையின் தடிமனுக்குள் இரண்டும் அடங்கிவிட்டன. இந்த இடத்தில் பெட்டியைக் குறை சொல்ல வழியே இல்லை.

போனில் தம்புராவைப் போட்டு, பஞ்சமத்தை மட்டும் வலது காதில் வைத்தேன். சரியாக இருந்தது. இடது காதுக்கு மாற்றினேன். அதே பஞ்சமம் மேலே ஏறியது, கூடவே தகரத்தைத் தட்டியது போல ஓர் இரைச்சல். மாற்றி மாற்றி வைத்தேன். வலது காதில் சுருதியைக் கூட்டிக்கொண்டே போய் இடது காது கேட்ட இடத்தைப் பிடித்து, வட்டத்தில் குறித்தேன். ஒன்பது பாகை. நான் போனைக் காதுக்குக் காது மாற்றுவதை மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டையப் போடுங்க. எட்டேகால் பஸ் இருக்கு."

புதுக்கோட்டையில் ஒரு பெண் காது டாக்டர் சோதனைகளை முடித்துவிட்டு, "எத்தனை நாளா இருக்கு?" என்றார்.

"பத்து நாளா."

"பத்து நாளா என்ன பண்ணீங்க?"

"வட்டம் போட்டுக்கிட்டு இருந்தாங்க, டாக்டர்," என்றாள் மனைவி.

டாக்டர் சிரிக்கவில்லை. உள்காதில் பாதிப்பு, முதல் இரண்டு மூன்று நாளிலேயே வந்திருந்தால் குணமாகும் என்று நம்பிச் சொல்லியிருப்பேன், இப்போது மருந்து கேட்கலாம், கேட்காமலும் போகலாம் என்றார். இடது காது ஒரு ஸ்வரத்தை அதன் இடத்தில் கேட்கவில்லை என்பதை மறைக்க, ஆர்மோனியத்தின் நான்கு பாகை எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. கணக்கில் தப்பில்லை. தப்பான கேள்விக்கு அதைப் போட்டிருக்கிறேன். பெட்டி எப்போதும் அப்படித்தான், இந்த மார்கழியில் மட்டும் ஏன் கசந்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

அதன்பிறகு தினமும் காலையில் அளந்தேன். போனைக் காதருகே கொண்டுபோகும்போதெல்லாம் பயம்தான், இன்று ஒன்றுமே கேட்காதோ என்று. ஒன்பது பாகை எட்டாயிற்று, ஏழாயிற்று. பொங்கலுக்கு முதல் நாள் ஐந்துக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. இனி குறையாது என்றார் டாக்டர். வலது காது நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அதையும் தினமும் அளக்கிறேன், அளந்து முடிக்கும்வரை காப்பி இறங்குவதில்லை.

டாக்டர் கட்டணம், இரண்டு கேட்புச் சோதனை, ஒரு ஸ்கேன், காதுக்குள் போட்ட மூன்று ஊசி, மாத்திரைகள், என் பஸ் டிக்கெட் (மனைவிக்கு டவுன் பஸ் இலவசம்) எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு ரூபாய். அந்த வட்டத்தின் ஓரத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.