அருவியிடமும் ஏமாறாதவள்

அந்தத் தெருவில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வேண்டுமென்றால் "அசையாதீங்க அக்கா" கடைக்குத்தான் போக வேண்டும். பட்டப்பெயர் வந்த காரணத்தைச் சொல்லவே வேண்டாம். ஆனால் அவளுடைய தொழில் சூட்சுமம் அந்தச் சொல்லில் இல்லை. "அசையாதீங்க" என்றதும் எப்பேர்ப்பட்ட ஆளும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார். பேருக்கு ஒரு படம் எடுத்துவிட்டு, "முடிஞ்சுது, எந்திரிங்க" என்பாள். அப்பாடா என்று அவர் மூச்சு விடும்போது இன்னொன்று எடுப்பாள். அதுதான் படம்.

இத்தனை கெட்டிக்காரி எடுத்த படத்துக்கும் சொந்தக் கடையின் வாசல் கண்ணாடியில் இடமில்லை. அங்கே இருந்தது, காலமான மாமனார் எடுத்த அருவிப் படம். குளிர்காலம் முடியப்போகும் சில நாட்களில் மட்டும், மறைகிற சூரியன் மலை அருவிக்கு நேர் எதிரே வந்து நிற்கும். தண்ணீர் தீப்பிடித்த மாதிரி விழும். மாமனார் படத்தில் அருவியின் உச்சி தகதகவென்று எரியும். பார்த்தவர்கள் எல்லாம், "யார் எடுத்தது?" என்று கேட்பார்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மாமியார், "எங்க வீட்டுக்காரர்" என்று தலை நிமிர்ந்து சொல்வார். மருமகளைப் பற்றிக் கேட்டால், "அவ மூஞ்சி நல்லா எடுப்பா" என்பார். அந்த 'மூஞ்சி' அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

"நானும் எடுத்துக் காட்டறேன் அத்தை" என்றாள் ஒருநாள்.

"எடு. இதைவிட நல்லா இருந்தா என் கையாலயே இதைக் கழட்டிட்டு உன்னுதை மாட்டறேன்."

அதிலிருந்து வருடா வருடம் மலை ஏறினாள். ஒரு வருடம் அருவி நூலாக மெலிந்திருந்தது. இன்னொரு வருடம் வானமே இருண்டு கிடந்தது. துணைக்கு வரும் கணவன் பஸ் டிரைவர். "இந்தச் சூரியனை எங்க டெப்போல சேர்த்துடலாம்மா. சொன்ன நேரத்துக்கு வர்றதே இல்ல" என்று கிண்டலடிப்பான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம் தண்ணீருக்குக் குறைவில்லை. பாறை முழுக்கக் கூட்டம். ஆளுக்கொரு பீரங்கி லென்ஸ். அவளிடம் இருந்தது கடையின் பழைய கேமரா. வெயில் இறங்க, அருவியின் உச்சி சிவந்தது. எல்லோரும் படபடவென்று எடுத்துத் தள்ளினார்கள். சட்டென்று ஒரு மேகம் சூரியனை மூடியது. கூட்டம் சலித்துக்கொண்டு பைகளைக் கட்டத் தொடங்கியது. கணவனும் கேமரா நின்ற முக்காலியில் கை வைத்தான்.

"முடிஞ்சுதும்மா, கிளம்பு."

"கையை எடுங்க. முடிஞ்சுதுன்னு சொன்னப்புறம்தானே நான் படமே எடுப்பேன்?"

வாய்தான் அப்படிச் சொன்னது. மனசுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கேமரா பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. மேகத்துக்கும் எதிர்மலைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று இருந்தது. சூரியன் இறங்கி அதில் எட்டிப் பார்த்தது. உச்சியிலிருந்து அடிவரை அருவி மொத்தமும் பற்றிக்கொண்டது. மற்றவர்கள் பையைத் திறப்பதற்குள் அது அணைந்தும் போனது. அவள் மட்டும் எடுத்திருந்தாள்.

மறுநாள் பெரிதாக அச்சிட்டு மாமியார் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அவரு படத்துல உச்சி மட்டும்தான் எரியும். மேகம் வந்துடுச்சு, மூட்டை கட்டிட்டேன்னு சொன்னாரு" என்றார் மாமியார். "நீ கட்டலை."

வேறு யாரையும் தொடவிடாமல், பழைய படத்தைத் தன் கையாலேயே கழற்றி, துடைத்து, கல்லாவுக்குப் பின்னால் தன் தலைக்கு மேலே மாட்டிக்கொண்டார். புதியது வாசல் கண்ணாடிக்குப் போனது.

அன்று முதலில் வந்தவர் ஸ்டாம்ப் சைஸ் போட்டோவுக்கு அவசரமாக ஓடிவந்த ஓர் இளைஞர். வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமியார் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"தம்பி, அந்தப் படத்தை யாரு எடுத்ததுன்னு கேளுங்க."

"யா... யாரு எடுத்தது?"

"என் மருமக!"